வெள்ளை வெளேரென்று ஒரு ஃபில்டர்

டயாலிசிஸ் வார்டுக்கு நோயாளியோடு துணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள். டெக்னீஷியன் ஃபில்டரை மெஷினில் மாட்டுவதற்கு முன் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அது போல. வெள்ளையாக இருந்தால் திருப்தியாகத் திருப்பிக் கொடுப்பார்கள். பழுப்பாக இருந்தால் முகம் சுருங்கும். எதற்காகப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அந்த வார்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேல் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். புரதங்கள்தான் என் பாடம். போதாக்குறைக்கு, எந்தக் கமிட்டி ஆய்வுக்கு வந்தாலும் கோப்புகளைத் தயார் செய்கிற வேலையும் என் தலையில்தான் விழும். ஆகவே எந்த விதிமுறையையும் என்னால் பத்தி எண்ணோடு சொல்ல முடியும். இப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவர்கள் மேல் தப்பில்லை.

என் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும், பிரிவுபசார விழா எதுவும் கேட்காமல், ஓய்வுபெற்றுக்கொண்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறரை மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். துறைமுகச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஆட்டோ புகுந்து புகுந்து போகும். அவள் கண்ணை மூடிக்கொண்டு வருவாள். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு, வண்டி எங்கே திரும்பும், எங்கே குலுங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவனாக உட்கார்ந்திருப்பேன். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் உப்பில்லாத இட்லிதான் பையில் இருக்கும்.

ஃபில்டர் என்றால் முழங்கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் முடியைப் போல மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வோர் இழையும் குழல் மாதிரி உள்ளே பொள்ளல். ரத்தம் இழைகளுக்குள் ஓடும், மருந்துநீர் வெளியே ஓடும். இழைச் சுவரில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் கழிவு வெளியேறும், ரத்தத்தின் புரதம் உள்ளேயே தங்கும். முடிந்ததும் அதைக் கழுவி, மருந்து நிரப்பி, அவரவர் பெயரெழுதி அலமாரியில் வைத்து, அதே ஆளுக்கு மறுபடியும் பயன்படுத்துவார்கள். இதில் ரகசியமோ மோசடியோ கிடையாது. ஒழுங்காகச் செய்தால் இது ஒழுங்கான முறைதான்.

முதல் வாரத்தில் அவளுடைய ஃபில்டர் இரண்டாம் முறை வந்தபோது இழைகளில் இளம்பழுப்பு ஏறியிருந்தது. அதை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாசரேத்துப் பக்கம் எங்கள் வீடுகளில் சுத்தம் என்றால் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டும் வேட்டியில் நீலம் ஒரு சொட்டுக் கூடினாலும் திரும்ப அலசப் போய்விடும். பாவத்துக்குக்கூட மன்னிப்பு உண்டு, பழுப்பு வேட்டிக்குக் கிடையாது.

டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். ஆலந்தலைக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். மெஷின் அலறினால் அதன் தலையில் தட்டி, "சும்மா கெட, இந்தா வாரேன்" என்று அதனோடு பேசுகிறவள்.

"என்னம்மா இது, கறை?"

"கறை இல்ல சார். டீச்சரோட ரத்தத்துல உள்ளதுதான் லேசாப் படிஞ்சிருக்கு. அது ஒண்ணும் செய்யாது. கொஞ்சம் இருந்தா நல்லதுன்னுகூடச் சொல்லுவாங்க."

"எனக்குப் பாடம் எடுக்காதம்மா. நான் ஊருக்கே எடுத்தவன்."

அன்று மதியமே நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஒன்பது அம்சங்கள், எண்ணிட்டு. நான்காவது அம்சம்: இழைகளில் கண்ணுக்குத் தெரியும் நிறம் எதுவும் இல்லாதபடி ப்ளீச் செய்யப்பட வேண்டும். கீழே கையெழுத்து, பட்டங்கள், ஓய்வு என்ற சொல் அடைப்புக்குறிக்குள்.

கடிதம் வேலை செய்தது. அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய ஃபில்டர் வெள்ளை வெளேரென்று வந்தது. தூக்கிப் பார்த்துத் தலையாட்டினேன். பக்கத்துக் கட்டிலில் சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருவர் படுத்திருப்பார். பாத்திரக்கடை வைத்திருந்தவர். அவருடைய ஃபில்டர் நல்ல திடமான டீயின் நிறம்.

"சாரு வீட்டு ஃபில்டர் கல்யாணப் பொண்ணு மாதிரில்லா வருது," என்பார். "நம்மது கருவாட்டுக் கடையிலேந்து வந்த மாதிரி இருக்கு."

"நீங்களும் எழுதிக் குடுங்க அண்ணாச்சி."

"எனக்கு எழுத வராது சார். ஏசத்தான் வரும்."

மூன்று மாதம் போனது. மனைவியின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கும். கெண்டைக்கால் சுருண்டு இழுக்கும், உதடு வெளுக்கும். ஆலந்தலைக்காரி ஓடிவந்து கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கி, சலைன் விட்டு, "டீச்சர், இங்க பாருங்க, கண்ணத் தொறங்க" என்று கன்னத்தைத் தட்டுவாள். மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் இறங்கிக்கொண்டே வந்தது. ஆல்புமின் ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் புரதம். தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைப்பது அதுதான். அது குறைந்தால் தண்ணீர் வெளியே கசிந்து காலில் தேங்கும், பிரஷர் நிற்காது.

டாக்டர் படுக்கையருகே நின்று ரிப்போர்ட்டைப் பார்த்தார். "டீச்சர், ஆல்புமின் இப்படியே எறங்கிட்டுப் போனா டயாலிசிஸையே ஒடம்பு தாங்காது. அதுக்கப்புறம் எங்கிட்ட வேற வழி இல்ல. முட்டை வெள்ளைக்கரு சொன்னேனே, சாப்பிடுறாங்களா சார்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க டாக்டர், பாதியைக் கொட்டிடுறா."

ஒரே ஒரு நாள், குமட்டல் தாங்காமல், ஒரு வெள்ளைக்கருவைச் செம்பருத்திச் செடியடியில் போட்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். அந்த ஒன்றைப் பாதி என்று பெருக்கிச் சொன்னேன். கணக்கு டீச்சரின் முன்னால். டாக்டர் அவளைப் பார்த்து, குழந்தையிடம் பேசுவது போல, "சாப்பிடணும் டீச்சர், ஏமாத்தக் கூடாது" என்றார். அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் அவள் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபின் சொன்னாள்: "காப்பியடிச்ச பிள்ளையைக்கூட நான் கிளாஸ் நடுவுல வச்சுச் சொன்னதில்ல. தனியாக் கூப்ட்டுதான் கேட்டிருக்கேன்."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நான் சாப்பிடுதேன். நம்புனா நம்புங்க."

நம்பவில்லை. சுவர்க் காலண்டரில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். காலை மூன்று வெள்ளைக்கரு, மதியம் இரண்டு. அவள் மென்று விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மஞ்சள் கருவின் மேல்தான் ஆசை, அது உனக்கு ஆகாது என்று நானே தின்றேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. கோடுகள் ஏறின. ஆல்புமின் இறங்கியது.

நுரையைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. மெஷினிலிருந்து கழிவுநீர் போகும் குழாய் ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் சுவரோரக் கால்வாயில் விழும். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தபோது, மனைவியின் குழாய் விழும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் உடையாமல் கூடி நிற்பது தெரிந்தது. அண்ணாச்சியின் குழாயடியில் தண்ணீர் தண்ணீராகவே ஓடியது. புரதம் கலந்த நீர் நுரைக்கும். இது முதலாண்டுப் பாடம், முதல் மாதத்திலேயே வந்துவிடும். நான் என்ன செய்தேன்? ஏதோ கழுவிய சோப்பு மிச்சமாக இருக்கும் என்று முடிவுகட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, பேப்பரில் பாதி போட்டிருந்த குறுக்கெழுத்தைத் தொடர்ந்தேன். களைத்துப்போனவனுக்கு எந்த விளக்கமும் போதும்.

திங்களன்றும் நுரை. புதன்கிழமை இரண்டு பாட்டில்கள் கொண்டுபோனேன். டெக்னீஷியன் அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில் குனிந்து மனைவியின் குழாயிலிருந்து ஒன்றை நிரப்பினேன். இன்னொன்றை அண்ணாச்சியின் குழாயில் பிடித்தேன், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

"என்ன சார், நம்ம தண்ணிக்கும் பரீட்சையா?"

"ஆமா அண்ணாச்சி. சும்மாதான்."

"பாஸ் மார்க்கு போட்ருங்க. எட்டாங்கிளாஸ்ல விட்டது."

வீட்டில் அவள் தூங்கியதும் அடுப்படிக்குப் போனேன். கல்லூரியிலிருந்து வரும்போது நினைவாக எடுத்து வந்த சோதனைக் குழாய்கள் நாலைந்து இருந்தன. இரண்டு பாட்டில் நீரையும் தனித்தனிக் குழாயில் ஊற்றி, கிடுக்கியில் பிடித்து, மேல்பாதியை மட்டும் தீயில் காட்டினேன். இரண்டுமே லேசாகக் கலங்கின. இந்த இடத்தில்தான் மாணவர்கள் அவசரப்பட்டு, புரதம் இருக்கிறது என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பார்கள். மருந்துநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சூட்டில் கலங்கும். அமிலம் விட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும், புரதம் கரையாது. ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டும் சீறின. அண்ணாச்சியின் குழாய் தெளிந்து கண்ணாடியாகிவிட்டது. மனைவியின் குழாயில் கலங்கல் போகவில்லை. மூலையில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்து, குழாயை அந்தக் கறுப்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். பனிமூட்டம் மாதிரி, மேல்பாதியில், தெளிவாக. இரண்டாம் முறை செய்தேன். மூன்றாம் முறையும். முறைப்படி மூன்று முறை.

அவள் சாப்பிட்ட முட்டையெல்லாம் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வருடாவருடம் நானே கரும்பலகையில் எழுதியதுதான். ரத்தத்துக்குள் புரதம் ஒழுங்காக மடிந்திருக்கும். எண்ணெய்ப் பசையுள்ள பக்கத்தை உள்ளே ஒளித்து, தண்ணீரோடு பழகும் பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு, அவ்வளவு நெரிசலிலும் தன் உருவத்தைக் கெடாமல் காக்கும். பிளாஸ்டிக்கின் மேல் பட்டால் நிலைமை வேறு. ஒளித்து வைத்திருந்த பக்கம் திறந்துகொள்ளும், பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொண்டு விரிந்து படுத்துவிடும். திரும்ப எழுந்திருப்பது கஷ்டம். திருச்செந்தூர் பஸ்ஸை வைத்து வகுப்பில் இதை விளக்குவேன். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் எண்ணிக்கையில் மிகுந்த சின்னப் புரதங்கள். பிறகு ஏறி, துண்டை எடுத்து எறிந்துவிட்டு அசையாமல் உட்காருபவர்கள் பெரிய, பிசுபிசுப்பான புரதங்கள். கடைசியில் சீட்டே தெரியாது, ஆள்தான் தெரியும். ரத்தத்துக்கும் அப்படித்தான். அது பிளாஸ்டிக்கைப் பார்ப்பதே இல்லை, மேலே படிந்திருக்கும் புரதத்தைத்தான் பார்க்கிறது. அந்தப் புரதம் நம்முடையதாக இருந்தால், ஏதோ நம் வீட்டு ஆள்தான் என்று பெரும்பாலும் சும்மா போய்விடுகிறது. உறுத்தும் மணலுக்குத் தன் போர்வையையே போர்த்தும் முத்துச்சிப்பியை உதாரணத்துக்கு இழுக்காமல் இந்த ஊரில் யாரும் இந்தப் பாடத்தை நடத்தியதில்லை. நானும் இழுத்திருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

அந்த இளம்பழுப்பு அவளுடைய சொந்தப் புரதத்தின் படிவு. ப்ளீச் அதைச் சிதைத்துக் கரைத்துவிடும். அளவோடு விட்டால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப, நிறமே தெரியாதவரை விட்டால், போர்வையோடு நிற்காது. இழையின் பொருளிலும் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போகும். துளைகள் பெரிதாகும். உள்ளே தங்க வேண்டிய ஆல்புமின், கழிவோடு கழிவாக வெளியேறும்.

வெள்ளிக்கிழமை, மனைவியைக் கட்டிலில் படுக்க வைத்து, மாட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று அங்கிருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஃபில்டர் கழுவும் அறைக்குப் போனேன். வெளியாட்கள் நுழையக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. என் கடிதத்தின் ஏழாவது அம்சம். டெக்னீஷியன் உள்ளே நின்றிருந்தாள்.

"இந்த ஃபில்டருக்கு எத்தனை தடவை ப்ளீச் விடுதீங்க?"

"அண்ணாச்சிக்கெல்லாம் ஒரு தடவை. டீச்சருக்கு மூணு. சில நாள் நாலு." அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். "சார் வெளிச்சத்துல பாப்பாருன்னு தெரியும்லா."

"இவ்வளவு நாள் ஒரே ஃபில்டரா?"

"தண்ணி நெறச்சு அளந்து பாப்போம் சார். இழை அடச்சுப் போயிருந்தா அளவு கொறையும், தூரப் போட்ருவோம். டீச்சரோடது கொறையவே மாட்டேங்குது. அவ்வளவு சுத்தம். இந்த வார்டுலயே அதுக்குத்தான் ஆயுசு ஜாஸ்தி."

அடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. ஓட்டையைக் கண்டுபிடிக்காது. ஓட்டை பெரிதாகப் பெரிதாக என் மனைவியின் ஃபில்டர் ஒவ்வொரு முறையும் முதல் மாணவியாகத் தேறியிருக்கிறது.

"யார் உன்ன மூணு தடவை விடச் சொன்னது?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கையுறை போட்ட விரலால் சுவரைக் காட்டினாள். தொட்டிக்கு மேலே, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் பிளாஸ்திரி ஒட்டி, என் கடிதம். நான்காவது அம்சத்துக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"இது ஒங்க கையெழுத்துதான சார்?"

"அன்னைக்கே இது தப்புன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேம்லா. பாடம் எடுக்காதன்னீய."

நான் நுரையையும் வினிகரையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. மனைவியின் ஃபில்டரை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டாள். புதிய ஒன்றைப் பிரித்தாள். பிறகுதான், "டீச்சருக்கு எப்ப பாத்தாலும் பிரஷர் எறங்குதேன்னு நானும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன் சார்," என்றாள்.

"நான் வேற கடிதம் எழுதித் தாரேன்," என்றேன்.

"ஐயோ வேண்டாம் சார். கும்பிட்டுக் கேக்குதேன். வாயாலேயே சொல்லுங்க."

அன்று மதியம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கடிதத்திலிருந்து தொடங்கிக் கால்வாய் வரை, எதையும் விடாமல் சொன்னேன். இதையும் வரிசையாகத்தான் சொல்ல வந்தது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

அவள் மனதுக்குள் எதையோ பெருக்குவது தெரிந்தது. விடையைச் சொல்லவில்லை. பிறகு, திரும்பாமலே, "சாகப் போறோம்னுகூட எனக்குத் தோணிட்டு. அது பரவால்ல," என்றாள். "சாப்பிடாம ஏமாத்திச் செத்தான்னு பேரு வந்துருமேன்னுதான் இருந்துது. டாக்டர்ட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"திங்கக்கிழமை."

"தனியா ரூம்ல போய்ச் சொல்லக் கூடாது. அன்னைக்கு எங்கன வச்சுச் சொன்னீங்களோ அங்கன வச்சு."

திங்களன்று டாக்டர் வந்தார். போனைக் காதிலிருந்து எடுக்கும்வரை காத்திருந்து, ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இழைச்சுவரின் ஊடுருவு தன்மை, திரும்பத் திரும்பச் செய்த ரசாயனச் சுத்திகரிப்பு, அதன் விளைவு என்று. கருத்தரங்கில் பேசுவது போல் நன்றாகவே வந்தது. யாருக்கும் எந்தத் தப்பும் இல்லாத வாக்கியங்கள்.

"தமிழ்ல சொல்லுங்க," என்றாள் கட்டிலில் இருந்தபடி.

வார்டில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"இவ சாப்பிட்டா டாக்டர்," என்றேன். "நான் குடுத்த அத்தனையும் சாப்பிட்டா. நான் சொன்னதுதான் பொய். ஃபில்டரை அப்படிக் கழுவச் சொன்னதும் நான்தான்."

டாக்டர் என்னையும் டெக்னீஷியனையும் மாறி மாறிப் பார்த்தார். ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். "இதை நானும் யோசிச்சிருக்கணும்," என்றார். பெரிய மனதுதான். ப்ளீச் அளவைப் பழையபடி குறைக்கவும், இத்தனை முறைக்கு மேல் எந்த ஃபில்டரும் வேண்டாம் என்று வரம்பு வைக்கவும் அங்கேயே சொன்னார். பிறகு மனைவியிடம், "ஸாரி டீச்சர்," என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அப்ப நம்ம கருவாட்டு ஃபில்டர்தான் பாஸா, சார்?"

"முதல் ரேங்க் அண்ணாச்சி."

அதோடு முடியவில்லை. எங்களுடைய வெள்ளையைப் பார்த்து ஏங்கி, எதிர்வரிசையில் இரண்டு குடும்பங்கள் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அவர்களிடம் போய்ப் பழுப்புதான் நல்லது என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் கேட்டுக்கொண்டார். இன்னொருவர், பனைவெல்ல வியாபாரி, என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க மட்டும் அஞ்சு மாசம் வெள்ளையா வாங்கிட்டு, நாங்க கேட்டா இப்படிச் சொல்லுதீய. படிச்சவங்க புத்தி," என்றார். அவர் அம்மாவுக்குத்தான் டயாலிசிஸ். மூன்று முறை போய் விளக்கினேன். கடைசியில் அந்த அம்மாள்தான், "ஏலே, அந்த சார் கெஞ்சிட்டு நிக்காரு, பழுப்பையே மாட்டச் சொல்லு," என்று தீர்த்துவைத்தார்.

அடுத்த மாதம் ஆல்புமின் ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. அதற்கடுத்த மாதம் கொஞ்சம் ஏறியது. காலில் அழுத்தினால் விழும் குழியின் ஆழம் குறைந்தது. பிரஷர் சில நாள் இன்னும் இறங்குகிறது, எல்லா நாளும் இல்லை. சரியாகிவிட்டது என்று சொல்கிற வியாதி இல்லை இது. வாரத்தில் மூன்று நாள் அப்படியேதான் இருக்கும்.

போன புதன்கிழமை ரிப்போர்ட் கைக்கு வந்தது. ஆல்புமின் கணக்கில் புள்ளிக்குப் பிறகு உள்ள எண் மறுபடியும் ஒன்று கூடியிருந்தது. அவளிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி, விடைத்தாளைப் பார்ப்பது போல் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டர் வந்ததும் இதை நீங்களே வாசிங்க," என்றாள். "சத்தமா."

கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ரிப்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.